2070-க்கும் ஜூன் 12-க்கும் நடுவே: காவிரி டெல்டாவில் நிகர பூஜ்ஜிய வாக்குறுதிகள்

2023 மார்ச் 29 அன்று மத்திய நிலக்கரி அமைச்சகம் நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கப் பகுதிகளை ஏலத்துக்கு விட்டது. பட்டியலில் தமிழ்நாட்டு ஊர்கள் மூன்று இருந்தன: தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி. மூன்றிலும் பழுப்பு நிலக்கரி. ஏப்ரல் 4-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில் பிரச்சினை வெடித்தது. அப்போது மாநில பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலையும் அவற்றை நீக்கச் சொல்லி டெல்லியிடம் கேட்டார். ஏப்ரல் 8-ஆம் தேதி, மூன்றையும் எடுத்துவிட்டதாக அப்போதைய நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். டெண்டர் வந்து பதினோராம் நாள் கதை முடிந்தது.

கரியமில வாயுக் கணக்கில் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. மூன்று பழுப்பு நிலக்கரிப் படுகைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. ஆனால் அந்தப் பதினொரு நாளும் டெல்டாவில் பேச்செல்லாம் நெல்லைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும்தான். நிகர பூஜ்ஜியம், அதாவது காற்றில் விடும் அளவுக்கே கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சிக் கணக்கைச் சமன்செய்வது, என்பதை இழுத்துவர யாருக்கும் தேவைப்படவில்லை.

இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் நிகர பூஜ்ஜியத்துக்குப் பிரதமர் மோடி சொன்ன ஆண்டான 2070, டெல்டாவில் எங்கே தட்டுப்படுகிறது என்று தேடிப் போனால் கிட்டத்தட்ட எங்கும் தட்டுப்படவில்லை. தட்டுப்படுபவை வேறு வாக்குறுதிகள்: 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், 1990 முதல் எல்லா விவசாயிகளுக்குமான இலவச மின்சாரம், ஜூன் 12-இல் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறப்பு. இந்தப் பகுதி எவ்வளவு கரியைக் காற்றில் விடும் என்பதை நிர்ணயிப்பவை இவை மூன்றும்தான். சுத்தமான எரிசக்திக்கான திட்டங்கள் இவற்றோடு பேசாமல் பக்கத்திலேயே தனியாக ஓடுகின்றன. அதனால்தான் இங்கே வேர்பிடிக்கவில்லை என்பது என் வாதம்.

பெரிய வாக்குறுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2070-இல் நிகர பூஜ்ஜியம். 2030-க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத 500 ஜிகாவாட் மின் திறன். 2022 ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு முறையாக அனுப்பிய திட்டத்தில், 2030-க்குள் மொத்த நிறுவு திறனில் பாதி புதைபடிவம் சாராததாக இருக்கும் என்றும், பொருளாதாரத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் வாயு 2005-ஐவிட 45 விழுக்காடு குறையும் என்றும் இந்தியா சொன்னது. பாதித் திறன் என்ற இலக்கு 2025 நடுவிலேயே எட்டப்பட்டது, ஐந்தாண்டு முன்னதாகவே. நல்ல செய்திதான். ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. இரவு எட்டு மணிக்கு சோலார் தகட்டின் திறன் ஏட்டில் இருக்கும், கம்பியில் இருக்காது. நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் சுமார் 70 விழுக்காடு இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

தமிழ்நாடு 2070-க்கு முன்பே எட்டிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறது. பசுமைக் காலநிலை நிறுவனம், காலநிலை மாற்ற இயக்கம், ஈரநில இயக்கம் எனப் பல அமைப்புகள் உருவாகியுள்ளன. மாவட்ட அளவில் கரிமக் குறைப்புத் திட்டம் போட முதலில் எடுத்துக்கொண்டவை கோவை, நீலகிரி, ராமநாதபுரம், விருதுநகர். டெல்டா மாவட்டம் ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை. காற்றாலைக்குக் காற்று கிடையாது, சோலார் பூங்காவுக்குத் தரிசு கிடையாது. டெல்டாவில் என்ன செய்வது என்று விட்டிருக்கலாம். ஒரு மெகாவாட் சோலாருக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும், நம்மூர்க் கணக்கில் முக்கால் வேலி. முப்போகம் விளைந்த மண்ணில் அதை யார் கொடுப்பார்?

முகவரி உள்ள சட்டம்

வேளாண் மண்டலச் சட்டம் சும்மா வரவில்லை. மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து ஊர் ஊராக நடந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே இறந்தார். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம், அதே ஆண்டு ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவு. இதெல்லாம் ஆறுமுன் 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்ப்பதற்கு இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. டெல்டா கொதித்தது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பிப்ரவரி 9-இல் வேளாண் மண்டலம் என்று அறிவித்து, 20-ஆம் தேதி சட்டமன்றத்தில் சட்டமாகவே நிறைவேற்றினார்.

அறிவிப்பில் திருச்சி, கரூர், அரியலூர்ப் பகுதிகளும் இருந்தன. சட்டத்தில் அவை விடுபட்டன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுதாகவும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் தலா ஐந்து ஒன்றியங்களும் எஞ்சின. நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறை, பிறகு திருத்தம் செய்து சேர்க்கப்பட்டது. துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலைகள், தோல் தொழிற்சாலை, கப்பல் உடைப்பு, எண்ணெய் எரிவாயு தேடுதல், துளையிடுதல், எடுத்தல் ஆகியவை புதிதாக வரக் கூடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை ஓடலாம். அந்தக் கடைசி வரியை அன்றே பலர் சுட்டிக்காட்டினார்கள். ஓட்டைச் சட்டி என்று கிண்டலும் செய்தார்கள்.

ஆனாலும் 2023-இல் அந்தச் சட்டி தண்ணீரைப் பிடித்தது. வடசேரி சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது, முதல்வர் கடிதத்தில் நேராக மேற்கோள் காட்ட ஒரு சட்டம் இருந்தது. அரியலூர் மைக்கேல்பட்டி எல்லைக்கு வெளியே. அதுவும் கூடவே தப்பித்தது. எந்த ஊர், எந்தத் தொழில், யார் அனுமதி தரக் கூடாது என்று தாளில் இருக்கும்போது, வாக்குறுதியை மீறுகிறவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எந்தக் கட்சியும் அந்தப் பெயரை வாங்கத் தயாராக இல்லை. 2070-க்கு அப்படி ஒரு ஊரும் இல்லை, உள்ளூர் வாக்காளரும் இல்லை.

அதே ஆண்டு ஜூலையில் இதன் மறுபக்கமும் தெரிந்தது. சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பச்சை நெற்பயிருக்குள் இயந்திரங்களை இறக்கி என்.எல்.சி. வாய்க்கால் வெட்டியது. நிலம் பல ஆண்டுக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். பழைய திட்டம், பழைய நிலம். புதிதுக்கு மட்டும் போட்ட தடை அங்கே கைகொடுக்கவில்லை.

பனங்குடியின் கணக்கு

நாகை மாவட்டம் நரிமணம் பக்கம் பனங்குடியில் 1993 முதல் சி.பி.சி.எல்.லின் (சென்னை பெட்ரோலியம் நிறுவனம்) எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருந்தது, பின்னாளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவு. அதே இடத்தில் 90 லட்சம் டன் ஆலைக்கு 2021 பிப்ரவரி 17-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கிளாஸ்கோ பேச்சுக்கு ஒன்பது மாதம் கூட இடைவெளி இல்லை. மண்டலச் சட்டம் இதைத் தொடவில்லை. அது பேசுவது தேடுவதையும் எடுப்பதையும் பற்றி.

தாய் நிறுவனமான இந்தியன் ஆயில் 2046-இல் நிகர பூஜ்ஜியம் எட்டப்போவதாக அறிவித்திருக்கிறது. டெல்டாவில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஓ.என்.ஜி.சி. 2038 என்கிறது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, கணக்கில் வருவது ஆலையும் கிணறும் தம் வேலைக்காக விடும் வாயு மட்டும்தான். விற்ற பெட்ரோலையும் டீசலையும் நாம் எரிக்கும்போது வருவது வாங்கியவர் தலையில். ஒரு டன் கச்சா எண்ணெய் எரிந்தால் சுமார் மூன்று டன் கரியமில வாயு. 90 லட்சம் டன்னில் கொஞ்சம் பிளாஸ்டிக்குக்கும் தாருக்கும் போகட்டும், முழுக்க எரிந்தால் ஆண்டுக்கு 2.7 கோடி டன்னை ஒட்டி வரும். ஆலைக்குள் விளக்கையெல்லாம் சோலாரில் எரித்து, பச்சை ஹைட்ரஜன் பயன்படுத்தி, 2046-இல் 'பூஜ்ஜியம்' என்று பலகை வைத்தாலும் இந்த 2.7 கோடியில் ஒரு டன் குறையாது. நிலம் கொடுத்த ஊர்க்காரர்கள் கேட்பது இழப்பீடும் மறுவாழ்வும்தான். அவர்களிடம் போய்ப் பூஜ்ஜியம் பேசுவது நியாயமுமில்லை.

மோட்டார் கொட்டகை

டெல்டாவின் எரிசக்தியைப் பார்க்க வேண்டுமானால் மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டும். ஓலையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட சின்ன அறை, உள்ளே ஐந்து குதிரைத்திறன் மோட்டார், சுவரில் ஸ்டார்ட்டர், அதற்குப் பக்கத்தில் தானியங்கிப் பெட்டி. மும்முனை மின்சாரம் வந்ததும் பெட்டி 'டக்'கென்று இழுக்கும், மோட்டார் ஓடத் தொடங்கும். பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். நடு ராத்திரியில் மும்முனை வந்தாலும் தண்ணீர் வயலுக்குப் பாயும், வயல் நிரம்பி வரப்பு வழிந்து வாய்க்காலுக்கே திரும்பப் போனாலும் கேட்க நாதியில்லை. மின் கட்டணம் கிடையாது, பெரும்பாலும் மீட்டரும் கிடையாது. வீணடிக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. மறுபடி மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது, அவ்வளவுதான்.

இந்த மோட்டார் முன்பெல்லாம் ஆற்றுக்குத் துணை. இப்போது சில ஆண்டுகளில் ஆறே அதற்குத் துணை. 2022-இல் மே 24-லேயே மேட்டூரைத் திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவையை நட்டவர்கள் பில்டர் பாயிண்டை, அதாவது ஆழமில்லாத குழாய்க் கிணற்றை, நம்பித்தான் நட்டார்கள். அணை காய்ந்தால் குறுவை மின்கம்பியில் தொங்குகிறது. அந்தக் கம்பியில் வருவதில் பெரும்பகுதி நிலக்கரி, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் சேர்த்து. கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் தலா நூறு மெகாவாட் சொச்சத்துக்கு எரிவாயு மின்நிலையங்கள் இருக்கின்றன, அவை எரிப்பது டெல்டா மண்ணிலிருந்து எடுத்த வாயுவை. வடசேரியில் தோண்டக் கூடாது என்று நின்றவர்கள் வயலுக்கும் நிலக்கரி மின்சாரம்தான் தண்ணீர் இறைக்கிறது. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு கம்பி எதையும் யாரும் கொடுக்கவில்லை.

கொடுத்தார்களே, பி.எம். குசும் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 2019-இல் வந்த இந்தத் திட்டத்தில், வேளாண் பொறியியல் துறை வழியாக சோலார் பம்புக்கு 60 விழுக்காடும் அதற்கு மேலும் மானியம் தந்தார்கள். ஏற்கெனவே மின் இணைப்பு உள்ள மோட்டாரையும் சோலாராக்கி, மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கும் வழியும் அதில் உண்டு. வடநாட்டில் டீசல் ஊற்றி இறைப்பவருக்கு இது வரம். தமிழ்நாட்டில் மின்சாரமே இலவசம். மிச்சப்படுத்த பில் எங்கே இருக்கிறது? ஐந்து குதிரைத்திறனுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி, காத்திருக்காமல் பெறும் தட்கல் திட்டத்தில் மின் இணைப்பு வாங்கினார்கள் நம் விவசாயிகள். சோலார் பம்புக்கு அவர்கள் பங்கு அதைவிடக் குறைவு. இருந்தும் கம்பியைத்தான் தேடினார்கள். மழைக்காலத்திலும் ராத்திரியிலும் ஓடுவது, பழுதானால் உள்ளூர் எலக்ட்ரீஷியனே பார்ப்பது, ஒரு முறை கிடைத்தால் பரம்பரைக்கும் நிற்பது கம்பிதான் என்று கணக்குப் போடுகிறார்கள். தப்புக் கணக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்களைச் சாய்த்து, தோப்புகள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோதுகூட மக்கள் கேட்டது கம்பத்தைத்தான், தகட்டை இல்லை.

இலவச மின்சாரத்தில் கைவைக்க எந்தக் கட்சிக்கும் துணிவு வராது. வரவும் வேண்டாம், நெல் விற்கும் விலையில் மின் கட்டணத்துக்கு இடமில்லை. கைவைக்காமலே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. அது சுழல்வது மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக் காற்றில். குறுவைக்கு மோட்டார் ஓடுவதும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஆரல்வாய்மொழிக் காற்றும் நீடாமங்கலத்துக் குறுவையும் ஒரே பருவம்! காற்று மிகும் நாளில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதும் நடக்கிறது. பகலில் சோலார் உச்சத்தில் இருக்கும்போதும் காற்று கூடும்போதும் டெல்டா வேளாண் ஃபீடர்களுக்கு (வயல்களுக்குப் போகும் மின்பாதைகளுக்கு) மும்முனை கொடுத்தால், ஒரு செண்ட் நிலம் எடுக்காமல், ஒரு தகடு பதிக்காமல் குறுவையின் மின்சாரத்தில் கணிசமான பங்கு சுத்தமாகிவிடும். ராத்திரியில் வரப்பு வழிவதும் நிற்கும். விவசாயிக்கும் பாம்புக்குப் பயந்து இருட்டில் கொட்டகைக்கு நடக்க வேண்டாம். மெகாவாட் கணக்கில் அடிக்கல் நாட்ட இதில் ஒன்றுமில்லை என்பதுதான் குறை. கால அட்டவணையைத் திருத்துவதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்?

மழைக்கால நெல்லான சம்பாவுக்கு இந்த யோசனை அவ்வளவாகப் பொருந்தாது. அக்டோபருக்கு மேல் மேகம், மழை. அப்போது சிக்கலே வடிகால்தான்.

வயலிலிருந்து வரும் மீத்தேன்

டெல்டாவில் மீத்தேன் என்றால் போராட்டம். ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒவ்வொரு நெல்வயலும், சேற்றில் காற்று போகாததால், மீத்தேனை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், நெல்லின் மேல் பழி போடுவதாக. பழியில்லை, கணக்கு மட்டும் பார்ப்போம். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. தெற்காசியாவுக்குத் தரும் வீதம், எப்போதும் நீர் நிற்கும் வயலுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு சுமார் 0.85 கிலோ. 110 நாள் குறுவைக்கு ஏக்கருக்கு 38 கிலோ வருகிறது. நூறாண்டு அளவில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால், ஏக்கருக்கு ஒரு டன். மோட்டாரைப் பாருங்கள்: ஐந்து குதிரைத்திறன் எட்டு மணி நேரம் ஓடினால் 30 யூனிட், யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு போட்டால் நாளொன்றுக்கு 21 கிலோ. ஒரு பருவத்தில் அறுபது நாள் ஓடி ஐந்து ஏக்கருக்குப் பாய்ந்தால் ஏக்கருக்குக் கால் டன். அதாவது சோலார் பம்பு, சோலார் பம்பு என்று நாம் பேசுவதெல்லாம் கால் டன்னைப் பற்றி. முக்கியமான ஒரு டன்னைப் பற்றிப் பேச்சே இல்லை.

பேச்சு இல்லாததற்கு அரசியல் காரணம் உண்டு. கிளாஸ்கோவில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் 2030-க்குள் மீத்தேனை 30 விழுக்காடு குறைப்பதாகச் சேர்ந்து உறுதி சொன்னபோது இந்தியா கையெழுத்திடவில்லை. சின்ன விவசாயியின் நெல்லையும் மாட்டையும் பணக்கார நாட்டு எண்ணெய்க் குழாய்க் கசிவோடு ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது இந்தியாவின் நிலை. எனக்கு அது சரி என்றே படுகிறது. ஆனால் கையெழுத்திடாததால் வயலில் செய்யக்கூடியதையும் செய்யாமல் விட்டுவிட வேண்டியதில்லை.

செய்யக்கூடியது புதிதுமில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். செம்மை நெல் சாகுபடியில் இதையே 'நீர் மறைய நீர் கட்டுதல்' என்கிறார்கள். பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே சுமார் 15 செ.மீ. போனதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காய விடக் கூடாது. மீத்தேன் ஏறக்குறையப் பாதி வரை குறையும். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், இருந்தாலும் மொத்தத்தில் லாபம்தான். தண்ணீரும் மின்சாரமும் மிச்சம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவர் வயலிலும் அந்தக் குழாய் நின்றது, ஏதோ பயிற்சியில் கொடுத்ததாம். "குழாய் நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் காயப்போட்டுட்டு உட்கார்ந்திருப்பேன், முறை வராது. வாய்க்கால்ல தண்ணி வர்றப்போ வாங்கி வச்சுக்கறவன்தான் விவசாயி. நாளைக்கு நிச்சயம் வரும்னு எழுதிக் கொடுக்கச் சொல்லு, இன்னைக்கே காயப்போடுறேன்" என்றார்.

அவர் கேட்பது மூன்றாம் நாள் தண்ணீர் வரும் என்ற உறுதி. கர்நாடகத்திலிருந்து வருவது, மேட்டூரில் இருப்பது, கல்லணையில் பிரிவது, நீர்வளத்துறை வைக்கும் முறைப்பாசன வரிசை எல்லாம் சேர்ந்து அந்த உறுதியைத் தர வேண்டும். தலைமடையில் ஓரளவு முடியும். கடைமடையில் வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் முறைத் தண்ணீர் வருவதே பாதி நம்பிக்கை. பில்டர் பாயிண்ட் உள்ள வயலில் மும்முனை நேரம் நிச்சயமாகத் தெரிந்தால் இன்றைக்கே காயப்போடலாம். ஆக மோட்டாரின் கால் டன்னையும் வயலின் ஒரு டன்னையும் சேர்த்துக் குறைக்கிற சாவி அதே கால அட்டவணைதான்.

குறைக்கும் வாயுவுக்கு ஈடாகக் கரிமப் பணம் (கார்பன் கிரெடிட்) தருகிறோம் என்று சில நிறுவனங்கள் நெல் விவசாயிகளை அணுகத் தொடங்கியுள்ளன. கையெழுத்துப் போடும் முன் ஒன்று தெரிந்திருக்கட்டும்: சீனாவில் இதே மாதிரி 37 நெல் திட்டங்களை, கணக்கு சரியில்லை என்று 2024-இல் வெர்ரா என்ற சான்றளிப்பு அமைப்பு தள்ளுபடி செய்தது.

உலர்த்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. குறுவை அறுப்பு மழையோடு வந்தால் நெல் சாலையில் கிடக்கும், வரம்பைக் கூட்டச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதும். ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி இருக்கிறது; அரவை ஆலைகள் அதை எரித்துத்தான் நெல்லை அவிக்கின்றன. கொள்முதல் நிலையங்களுக்கு நடுவே உமி அடுப்பில் ஓடும் உலர்த்திகள் இருந்தால், வெளியிலிருந்து எரிபொருள் வாங்காமலே ஈரப்பதச் சண்டை பாதி தீரும். இது எந்தக் காலநிலை இயக்கத்தின் கணக்கில் வரும், எந்தத் துறை செலவழிக்கும் என்பது முடிவாகும்வரை தார்ப்பாய்தான்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மின்வாரிய அதிகாரியும் வேளாண் இணை இயக்குநரும் ஒரே மேடையில்தான் உட்காருகிறார்கள். மே மாதக் கூட்டத்தில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஜூன் 12 முதல் செப்டம்பர் வரை எந்த ஃபீடருக்கு எந்த மணிக்கு மும்முனை என்று எழுத்தில் வேண்டும், அதில் எவ்வளவு நேரம் பகலில் வருகிறது என்றும் தெரிய வேண்டும், சொன்ன நேரத்தில் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கீழே ஒரு நம்பர் போட வேண்டும்.